காற்றின் எண்கள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

இந்தியாவில் காற்றுத் தரக் குறியீடு ஏப்ரல் 2015 முதல் நடப்பில் இருக்கிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நகரவாரியாக வெளியிடும் இந்த எண் 0 முதல் 500 வரை செல்லும். ஆறு பிரிவுகள், ஆறு நிறங்கள். வெயில் இத்தனை டிகிரி என்பதுபோலக் காற்று இத்தனை என்று மக்கள் இதைப் படிக்கிறார்கள். வெப்பமானியில் படிப்பது நேரடி அளவு. குறியீடோ சில விதிகளின்படி கணக்கிட்டு வருவது. அந்த விதிகளை அறியாததால் எழுந்த நம்பிக்கைகள் பல.

நம்பிக்கை: எல்லா மாசுகளின் சராசரியே குறியீடு.

சராசரி அன்று. நுண்துகள்கள் (பி.எம். 10, பி.எம். 2.5), நைட்ரஜன் டை ஆக்சைடு, கந்தக டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஓசோன், அம்மோனியா, ஈயம் ஆகிய எட்டில் ஒவ்வொன்றுக்கும் தனி எண் கணக்கிடப்படும். அவற்றில் மிக மோசமானது எதுவோ அதுவே அன்றைய குறியீடு. குறைந்தது மூன்று மாசுகளின் அளவு கிடைத்திருக்க வேண்டும். அவற்றில் ஒன்று நுண்துகளாக இருக்க வேண்டும். தேசியக் காற்றுத் தர வரையறையில் 12 மாசுகள் உண்டு. அவற்றில் பென்சீன் உள்ளிட்ட நான்கு, குறியீட்டுக் கணக்கில் வருவதே இல்லை. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இயங்கும் சென்னை மணலி போன்ற இடத்தில் இது சின்ன விடுபடல் அல்ல.

நம்பிக்கை: பச்சை என்றால் கவலை இல்லை.

குறியீடு 50 வரை ‘நன்று’, நிறம் பச்சை. அந்த 50-க்கு உரிய பி.எம். 2.5 அளவு கன மீட்டருக்கு 30 மைக்ரோகிராம். உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் வகுத்த 24 மணி நேர வரம்பு 15 தான். ஆக, இந்தியாவின் ‘நன்று’ அந்த வரம்பைப் போல இரு மடங்கு வரை நீள்கிறது. வெளிநாட்டுச் செயலி ஒன்று சென்னைக்கு வேறு எண் காட்டினால் கருவி பொய் சொல்கிறது என்று முடிவுகட்டிவிட முடியாது. பி.எம். 2.5 அளவு 60 மைக்ரோகிராம் என்றால் இந்திய அளவுகோலில் 100. அமெரிக்க அளவுகோலில் 150-க்கு மேல். இந்திய அளவுகோல் 500-இல் நின்றுவிடும் என்பதும் உண்டு. நவம்பர் 2024-இல் தில்லிக்குத் தனியார் செயலிகள் 1,000-ஐத் தாண்டிய எண்களைக் காட்டியபோது அரசு எண் 500-க்குள்ளேயே இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

நம்பிக்கை: கடற்காற்று வீசும் சென்னைக்கு இதெல்லாம் எதற்கு?

கடற்காற்று பொதுவாக நண்பகலை ஒட்டித்தான் நகருக்குள் வருகிறது. இரவிலும் விடியற்காலையிலும், குறிப்பாக மார்கழி, தை மாதங்களில், தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து அசையாமல் கிடக்கும். மேலே இருக்கும் வெப்பக் காற்று அதற்கு மூடி போட்டுவிடும். புகை கலைய வழியில்லை. போகி அன்று விடியுமுன் பழைய பாய், டயர், பிளாஸ்டிக் எரிவது சரியாக இந்த நேரத்தில்தான். பனியும் புகையும் கலந்து சென்னை விமானங்கள் திசை திருப்பப்பட்டதும் உண்டு.

இப்படிப்பட்ட நாளில் நகரின் அன்றாட எண் சாதுவாகவே இருக்கலாம். நுண்துகளுக்கு அது 24 மணி நேரச் சராசரியை வைத்துக் கணக்கிடப்படுகிறது. விடியலில் மூன்று மணி நேரம் பி.எம். 2.5 அளவு 300 மைக்ரோகிராம், மீதி 21 மணி நேரம் 40 என்று கொண்டால் சராசரி 72.5, பிரிவு ‘மிதமானது’. ஆஸ்துமா உள்ளவர் மூச்சு வாங்கியதோ அந்த மூன்று மணி நேரத்தில். தீபாவளியில் வேறொரு வேடிக்கை: வாரியத்தின் தினசரி அறிக்கை மாலை 4 மணி வரையிலான 24 மணி நேரத்துக்கானது. அன்றிரவு வெடித்ததெல்லாம் மறுநாள் கணக்கில்தான் ஏறும். மருத்துவத்துக்குப் பயன்பட வேண்டுமானால் மணிக்கு மணி அளவே பார்க்கப்பட வேண்டும்.

நம்பிக்கை: நகருக்கு ஓர் எண் போதும்.

ஆலந்தூர், வேளச்சேரி, மணலி, பெருங்குடி, அரும்பாக்கம், இராயபுரம், கொடுங்கையூர் ஆகிய சென்னைப் பகுதிகளின் காற்று அளவீட்டு நிலையங்கள் ஒரே நேரத்தில் ஒரே எண்ணைக் காட்டுவது அபூர்வம். வாகனப் புகையின் நைட்ரஜன் டை ஆக்சைடு பெருஞ்சாலையிலிருந்து சில நூறு மீட்டருக்குள்ளேயே வெகுவாகக் குறைந்துவிடும். சிக்னல் அருகே கடை போட்டிருப்பவரும் இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவரும் சுவாசிப்பது ஒரே காற்றன்று. நகரச் சராசரி இருவரையும் ஒன்றாக்கிவிடுகிறது.

நம்பிக்கை: மலிவான சென்சார் வீண், அல்லது, அது வந்துவிட்டால் பெரிய நிலையமே வேண்டாம்.

இரண்டுமே தவறு. தொடர்ந்து அளக்கும் நிலையங்களில் பரவலாக உள்ள கருவி, நாடாவில் படியும் தூசைப் பீட்டாக் கதிரால் அளக்கிறது. மலிவான சென்சாரோ துகளில் பட்டுச் சிதறும் லேசர் ஒளியைக் கொண்டு கணிக்கிறது. காற்றில் ஈரம் ஏறினால் துகள் நீரை உறிஞ்சிப் பருக்கும். சென்சார் அதையும் தூசாக எண்ணிக் கூட்டிக் காட்டும். சென்னை போன்ற கடலோர ஊரில் இது அடிக்கடி நடக்கக்கூடியது. தரமான நிலையத்தின் பக்கத்திலேயே சில வாரம் வைத்து, இரண்டின் அளவையும் ஒப்பிட்டு, திருத்தக் கணக்கு கண்ட பிறகு தெருத்தெருவாகப் பொருத்தினால் சென்சாருக்கு மதிப்பு உண்டு. செயற்கைக்கோள் இந்த வேலையைச் செய்துவிடும் என்பதும் மிகை: அது காண்பது தரையிலிருந்து மேல்வரை உள்ள மொத்தக் காற்றுத் தூணை, மேகம் மூடினால் அதுவும் இல்லை.

நம்பிக்கை: நிலையங்கள் கூடினால் கொள்கை தானாகச் சரியாகும்.

எதை அளக்கிறார்களோ அதற்கே பணம் போகும். 2019-இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் சுமார் 130 நகரங்கள் உள்ளன. தமிழ்நாட்டில் சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி. நடைமுறையில் நகரங்களின் முன்னேற்றம் சற்றுப் பெரிய துகள்களான பி.எம். 10-ஐக் கொண்டே மதிப்பிடப்பட்டது. பி.எம். 10-இல் பெரும்பங்கு சாலைப் புழுதி. ஆகவே நகராட்சிகள் சாலை பெருக்கும் இயந்திரமும் தண்ணீர் தெளிக்கும் வண்டியும் வாங்கின. அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2024-இல் வெளியிட்ட ஆய்வின்படி, செலவான நிதியில் 64 சதவீதம் சாலைப் புழுதிக்குப் போனது. தொழிற்சாலைப் புகைக்கு ஒரு சதவீதம்கூட இல்லை. ஆனால் நுரையீரலின் ஆழம்வரை இறங்குவது பி.எம். 2.5, அது பெரும்பாலும் எரிப்பிலிருந்து வருவது.

அளவீட்டை உடல்நலத்தோடு நேரடியாக இணைத்த முன்மாதிரி அகமதாபாத். 2017-இல் அந்த மாநகராட்சி வகுத்த திட்டத்தில், மாசு முன்னறிவிப்பை மருத்துவர்கள், பள்ளிகள், மக்கள் ஆகியோருக்கு எச்சரிக்கையாகக் கொண்டுசேர்க்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. காற்று மோசமாகும் என்று தெரிந்ததும் யார் யாருக்குத் தகவல் போக வேண்டும் என்பதை அது முன்கூட்டியே வரையறுத்தது.