ஷூவுக்கு முன்னாடி கடிகாரம்

நார்வே கப்பல் பயணத்துல ட்ரோம்சோவுல ஒரு பகல் கிடைக்குது, மலை ஏறலாமாக்கான்னு கேட்டிருந்தே. கண்டிப்பா ஏறு. ஆனா ஷூவைத் தேடறதுக்கு முன்னாடி கடிகாரத்தைப் பாரு.

அந்த ஊர் ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே இருக்கு. மே 20 வாக்குல இருந்து ஜூலை 22 வாக்கு வரைக்கும் சூரியன் மறையறதே இல்ல. வெயில் சாஞ்சா 'நேரமாச்சு, கிளம்பு'ன்னு நம்ம உடம்பே சொல்லிப் பழக்கம். அங்க சொல்லாது. அதனால போன்ல ரெண்டு அலாரம் வை. ஒண்ணு, உச்சிக்குப் போகலன்னாலும் சரி, நின்ன இடத்துல இருந்தே திரும்பறதுக்கு. இன்னொண்ணு, துறைமுகத்துல இருக்கறதுக்கு. கப்பல் கிளம்பற நேரத்தை வெச்சுக் கணக்குப் போடாதே. எல்லாரும் ஏறியாகணும்னு கப்பல்காரங்க சொல்ற நேரம் அதுக்கு அரை மணியாவது முன்னாடி இருக்கும். அவங்களே கூட்டிட்டுப் போற சுற்றுலாவுக்குன்னா காத்திருப்பாங்க. தனியா போனவங்களை விட்டுட்டுக் கிளம்பிடுவாங்க.

பெரிய கப்பல்கள் பெரும்பாலும் பிரைவிகா துறையிலதான் நிக்கும். அங்கிருந்து ஊர் நடுவுக்கே கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர். அதுக்கப்புறம் ஒரு கிலோமீட்டர் நீளப் பாலத்தைத் தாண்டினாத்தான் மலையடிவாரம். போக, வர ஆகற நேரத்தைக் கழிச்சு, மிச்சத்தை மட்டும் மலைக்குக் கொடு.

மலை பேரு ஸ்டோர்ஸ்டைனன். கேபிள் கார் போய் நிக்கற இடம் 421 மீட்டர்தான். அது வரைக்கும் ஏறிப் போறது, நேபாளத்துல இருந்து வந்த ஷெர்பாக்கள் கல்லுமேல கல்லா அடுக்கின படிக்கட்டு, 1,200 படிக்கு மேல. ஒரு படி உள்ளங்கை உயரம், அடுத்தது ஒரு சாண். அதனால ஒரே சீரா கால் வைக்க முடியாது. மழை பெஞ்சிருந்தா எண்ணெய் தடவின மாதிரி வழுக்கும்; அடியில நல்ல பிடிப்புள்ள ஷூ இல்லாம ஏறாதே. ஏறறப்போ எனக்கு மூச்சுதான் வாங்குச்சு. இறங்கறப்போ பாதி வழியில தொடை ரெண்டும் தானா நடுங்க ஆரம்பிச்சது, பாறையைப் பிடிச்சுட்டு அஞ்சு நிமிஷம் நின்னேன். இறங்கறதுக்கும் ஏறின அளவு நேரம் வெச்சுக்கோம்மா.

'இறங்க கேபிள் கார் இருக்கே'ன்னு நினைப்பே. காத்து பலமா அடிச்சா அதை நிறுத்திடுவாங்க. ஓடினா சந்தோஷம். ஆனா உன் கணக்கு கால்நடையாவே இருக்கட்டும்.

ஜீன்ஸும் காட்டன் டிஷர்ட்டும் வேண்டாம். வேர்வையில நனைஞ்ச காட்டன், மேல போய் நின்னதும் முதுகுல ஐஸ் வெச்ச மாதிரி ஒட்டிக்கும். ஒரு உலர்ந்த பனியனை பிளாஸ்டிக் கவர்ல போட்டு எடுத்துட்டுப் போ. உச்சியில கேபிள் கார் நிலையத்துக் கழிப்பறையில மாத்திட்டு, அதுக்கு மேல கம்பளி ஸ்வெட்டர், காத்தைத் தடுக்கற ஜாக்கெட். அப்புறமா வெளியே வந்து பாரு. ஊரோட நடுப்பகுதி ஒரு தீவுல உட்கார்ந்திருக்கும், நீ தாண்டி வந்த பாலம் நூலாட்டம் கிடக்கும்.

கப்பல்ல இருந்து சாப்பாடு கொண்டுபோக விடுவாங்களான்னு முதல் நாளே கேட்டுடு. தண்ணி அங்க குழாயிலயே குடிக்கலாம். அன்னன்னிக்குக் கப்பல்ல தர்ற தாள்ல துறைமுக ஏஜென்ட் நம்பர் இருக்கும், ஒருவேளை கப்பலைத் தவற விட்டா கூப்பிட அதைப் போட்டோ எடுத்து வெச்சுக்கோ.

கீழ வந்து பஸ்ஸுக்கு நிக்கறப்போ கெண்டைக்காலை நல்லா நீட்டி விடு. இல்லன்னா அடுத்த ரெண்டு நாளும் கப்பல் மாடிப்படியில ஒவ்வொரு அடிக்கும் வலிக்கும்.