வின்னிபெக் தோட்டத்துக்கு எந்தப் பேரி?

ஒட்டாவா

அன்புள்ள கார்த்தி,

நீ அனுப்பிய நர்சரிப் பட்டியலைப் பார்த்தேன். பார்ட்லெட், பாஸ்க், அஞ்சூ மூன்றுக்கும் டிக் போட்டிருக்கிறாய். கடையில் வாங்கித் தின்று நாக்குக்குப் பழகிய பெயர்கள் என்பது புரிகிறது. மூன்றையும் அடித்துவிடு. குளிர் தாங்கும் மண்டலக் கணக்கில் அவை ஐந்தாம் மண்டலத்துக்கும் அதைவிட மிதமான இடங்களுக்கும் உரியவை. உன் ஊர் மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் கிடக்கிறது. ஒரு நல்ல குளிர்காலத்தில் கழித்தல் 35 டிகிரி வரை போகும் இடத்தில் பார்ட்லெட் நட்டால், மே மாதம் தளிர் வரும் வரும் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

உன் அம்மா கொடைக்கானல் பேரி விதை அனுப்பட்டுமா என்று கேட்டாளாமே. வேண்டாம் என்று சொல். பஸ் ஸ்டாண்டில் கூறு கட்டி விற்கும் அந்தக் கல்லுப் பேரிக்காய் மேல் எனக்கும் ஆசை உண்டு. ஆனால் அந்த மரம் கொஞ்சம் குளிரிலேயே உறக்கம் தீர்ந்து பூத்துவிடும் சாதி. அதனால்தான் கொடைக்கானலில் காய்க்கிறது. பார்ட்லெட்டுக்குப் பல நூறு மணி நேரக் குளிர் வேண்டும், அங்கே வைத்தால் ஒழுங்காகப் பூக்காது. நம் மலைப் பேரியோ உன் ஊரில் முதல் குளிர்காலத்தையே தாண்டாது. அதுவும் போக, பேரி விதையிலிருந்து தாய் மரம் போன்ற பழம் வராது. நல்ல பேரியெல்லாம் ஒட்டுக்கன்றுதான்.

இன்னொன்று. மண்டல எண்ணைப் பார்த்ததும் வேலை முடிந்தது என்று நினைக்காதே. அந்த எண் பெரும்பாலும் நடுக்குளிரைத்தான் சொல்லும். மரத்தைக் கொல்வது அது மட்டுமில்லை. இலையுதிர் காலத்தில் குளிர் மெல்ல மெல்ல இறங்கினால் மரம் தன்னைத் தயார்படுத்திக்கொள்ளும். தயாராவதற்கு முன்பே திடீரென்று உறைந்தால் தாங்காது. ஆகஸ்ட்டில் தழைச்சத்து உரம் போட்டு இளந்தளிரை வளரவிடுகிறவர்கள் அந்தக் கேட்டைத் தாமே வரவழைக்கிறார்கள். வசந்தத்தில் பூவுக்கு வேறு ஆபத்து. பேரி ஆப்பிளுக்கு முன்பே பூக்கும். விரிந்த பூக்களில் பத்தில் ஒன்று கழித்தல் 2 டிகிரி சுமாருக்கே கருகும். கழித்தல் 4.4-க்குப் போனால் பத்தில் ஒன்பது போய்விடும். குளிர்காற்று வழிந்து வந்து தேங்கும் பள்ளத்தில் நடாதே என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

சரி, எதை நடுவது? வடகிழக்குச் சீனாவிலும் ரஷ்யாவின் தூரக் கிழக்கிலும் உசூரிப் பேரி என்று ஒரு காட்டு இனம் இருக்கிறது. பேரி இனங்களிலேயே குளிருக்கு மிகவும் அசராதது அதுதான். பழம் சின்னது, துவர்ப்பு, கடித்தால் மணல் மணலாக இருக்கும். சுவை ஐரோப்பியப் பேரியிடம், உடல் வலு இதனிடம். இரண்டையும் சேர்க்கத்தான் வட அமெரிக்கச் சமவெளியில் ஆராய்ச்சி நிலையங்கள் நெடுங்காலம் பாடுபட்டன. உன் வீட்டுக்குத் தென்மேற்கே கொஞ்ச தூரத்தில் இருக்கும் மோர்டன் நிலையத்தில் பார்ட்லெட்டையும் உசூரியையும் கலந்து உருவாக்கியதுதான் யூர். 1978-ல் வெளிவந்தது. பழம் கைக்குள் அடங்கும், சாறும் இனிப்பும் உண்டு. உன் தோட்டத்தின் முதல் மரம் அதுவாக இருக்கட்டும். பார்ட்லெட் அளவுக்குப் பெரிதாக இல்லையே என்று குறைப்படாதே, ரத்தத்தில் பாதி பார்ட்லெட் இருக்கிறது.

ஒற்றை மரம் போதாது. பேரிக்கு வேறு ரகத்தின் மகரந்தம் வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். தெற்கு டக்கோட்டாவின் லஷியஸ் என்ற ரகம் பேருக்கேற்ற சுவைதான், கடைப் பேரிக்கு மிக நெருங்கி வரும். ஆனால் அதன் மகரந்தம் மலடு. கூர்மே என்ற ரகமும் அப்படித்தான். இவை இரண்டை மட்டும் ஜோடியாக வைத்துவிட்டு வருடக்கணக்கில் பூவை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. யூருக்குப் பக்கத்தில் கோல்டன் ஸ்பைஸ் வை. மினசோட்டா பல்கலைக்கழகம் 1949-ல் வெளியிட்டது. பழம் சின்னதும் புளிப்புமாக இருப்பதால் அப்படியே தின்ன எனக்குப் பிடிக்காது. ஆனால் மாங்காய் கிடைக்காத ஊரில் வெந்தயமும் பெருங்காயமும் போட்டுத் தொக்குக் கிண்ட அதைவிட நல்லது இல்லை. மூன்றாவதுக்கு இடம் இருந்தால், அதே பல்கலைக்கழகத்தின் சம்மர்கிரிஸ்ப். ஆசியப் பேரி மாதிரி மொறுமொறுவென்று கடித்துத் தின்பது, கருகல் நோயையும் நன்றாகத் தாங்கும். இடம் இல்லையென்றால் யூர் மரத்திலேயே வேறு ரகத்தின் ஒரு கிளையை ஒட்டுக்கட்டலாம். தேனீக்களுக்குப் பேரிப் பூ அவ்வளவு இஷ்டம் இல்லை, அதன் தேனில் சர்க்கரை குறைவு. அதனால் இரண்டு மரத்தையும் தள்ளித் தள்ளி வைக்காதே.

கருகல் நோய் என்றேன் அல்லவா, அதைப் பற்றிக் கொஞ்சம் கூடவே சொல்ல வேண்டும். ஃபயர் பிளைட் என்பார்கள். பாக்டீரியா நோய். பூ வழியாக உள்ளே போய், கிளை நுனியை நெருப்பில் வாட்டினது போலக் கருக்கி, கொக்கி மாதிரி வளைத்துவிடும். மருந்தை நம்பி உட்கார்ந்திராதே. கருகிய இடத்துக்குக் குறைந்தது 30 செ.மீ. கீழே, வெயிலடிக்கும் உலர்ந்த நாளில் வெட்டி எறி. ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரியை ஆல்கஹாலில் துடை. அளவுக்கு மீறி உரம் போட்டுக் கொழுத்த தளிரைத்தான் இது முதலில் தேடிவரும். ஃபிளெமிஷ் பியூட்டி என்ற ரகத்தை நான் உனக்குச் சிபாரிசு செய்யாததற்கு இந்த நோயும் ஒரு காரணம். குளிரை ஓரளவு தாங்கும், ஆனால் நோய்க்கு எளிதில் ஆளாகும் மரம்.

நர்சரிக்குப் போன் போடும்போது பழத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால், வேர்ச்செடி எது என்று கேள். மேலே எவ்வளவு கெட்டியான ரகமாக இருந்தாலும், அடியில் சீமை மாதுளை (குயின்ஸ்) வேர் இருந்தால் உன் ஊரில் வேரே உறைந்து செத்துவிடும். குட்டை மரம் என்று கவர்ச்சியாக எழுதியிருந்தால் சந்தேகப்படு, அடியில் அந்த வேராக இருக்கலாம். உசூரி விதைக்கன்று வேராக இருந்தால் தயங்காமல் வாங்கு. மரம் உயரமாக வளரும், கத்தரித்துக்கொள்ளலாம்.

நட்டு நாலைந்து வருடம் பொறுக்க வேண்டியிருக்கும். அதுவரை முயலுக்கும் வயல் எலிக்கும் அடிமரத்தில் கம்பி வலை கட்டு. பனிக்கு மேலே நின்றுகொண்டே முயல் கடிக்கும் என்பதால் வலை உயரமாக இருக்கட்டும். தென்மேற்குப் பக்கத்துப் பட்டை குளிர்கால வெயிலில் சூடேறி, ராத்திரி உறைந்து வெடிக்கும். வெள்ளைச் சுற்றுத்துணி போதும்.

பறிப்பதில் ஒரு வித்தை இருக்கிறது. பேரி உள்ளிருந்து வெளியே பழுக்கும். மரத்திலேயே மஞ்சளாகட்டும் என்று விட்டால் நடுப்பகுதி பழுப்பாகிக் கொழகொழத்துவிடும். உசூரி ரத்தம் உள்ள ரகங்களில் இது இன்னும் சீக்கிரம். பழத்தைக் கிடைமட்டமாகத் தூக்கிப் பார். காம்பு தானாகக் கழன்றால் பறிக்கலாம். யூரைக் கூடத்தில் வைத்துப் பழுக்கவிடு, கழுத்துப் பக்கம் கட்டை விரலால் அழுத்தினால் நெகிழ வேண்டும். சம்மர்கிரிஸ்பை மட்டும் கெட்டியாக இருக்கும்போதே குளிர்ப்பெட்டியில் வைத்து, அப்படியே தின்றுவிடு.

கன்று மண்ணில்லாமல் வெறும் வேரோடுதான் வரும், மொட்டு விடுவதற்குள் நட்டுவிட வேண்டும். நல்ல ரகங்கள் சீக்கிரம் விற்றுத் தீர்ந்துவிடும் என்பதால் இந்த வாரமே சொல்லி வை. உன் பட்டியலைத் திருத்தி எனக்கு அனுப்பு, பணம் கட்டுவதற்கு முன் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
பெரியம்மா