தபால் விழுந்தால் வீட்டினுள் மணி அடிக்க

மார்கழி, தை மாதங்களில் நமது வாசற்படிகள் உறைந்து கண்ணாடி போலாகிவிடும். இருந்தும் ஓய்வூதியக் கடிதமோ ஊர்க் கடிதமோ வந்திருக்குமா என்று அப்பப்பாவும் அம்மம்மாவும் நாளில் மூன்று தரம் கதவைத் திறந்து பார்ப்பதை விடமாட்டார்கள். சொல்லித் தடுத்துப் பயனில்லை. பெட்டியின் மூடி திறந்ததும் வீட்டினுள் மணி அடிக்குமானால், ஒரு தரம் போய் வந்தால் போதும். இதனைக் குறைந்த செலவில் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு இது ஒரு நல்ல விஞ்ஞான பாடமும் ஆகும்.

யாருக்கு இது பொருந்தும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். 1980களிலிருந்து புதிய குடியிருப்புகளில் கனடாத் தபாற் சேவை வீட்டுக்கு வீடு தபால் கொடுக்காமல், தெருவில் கூட்டுப் பெட்டி வைத்து வருகிறது. றிச்மண்ட் ஹில்லின் புதிய தெருக்களில் நாம் காண்பது அதுதான். அந்தப் பெட்டி நமது சொத்து அல்ல. அதில் எதையும் ஒட்டவோ துளைக்கவோ கூடாது. வாசலில் சொந்தப் பெட்டி உள்ள வீடுகளுக்கே இந்த முறை.

தேவையானவை மூன்று: வயர் இல்லாத அழைப்பு மணி ஒன்று, கதவு அலாரங்களில் பாவிக்கும் காந்தச் சுவிச் ஒன்று, மெல்லிய வயர் சிறிது. மணி பொதுவாக 20, 25 டொலருக்குள் கிடைக்கும்.

அழைப்பு மணியின் பொத்தானை அழுத்தும்போது உள்ளே இரண்டு உலோக முனைகள் தொடுகின்றன. உடனே றேடியோ அலை புறப்படுகிறது. விரலுக்குப் பதிலாகக் காந்தம் அந்த வேலையைச் செய்யவேண்டும், அவ்வளவுதான். வயரில்லாமல் மணி அடிப்பது நம்மவர்க்குப் புதிதல்ல. 1890களின் நடுப்பகுதியில் கல்கத்தா நகர மண்டபத்தில் ஜகதீஷ் சந்திர போஸ் கண்ணுக்குத் தெரியாத அலைகளைச் சுவரூடாக அனுப்பித் தூரத்தில் இருந்த மணியை ஒலிக்கச் செய்தார். பிள்ளைகளுக்கு இதனை அவசியம் சொல்லுங்கள்.

பொத்தானைக் கழற்றினால் பலகையில் நான்கு கால்கள் கொண்ட சிறு சுவிச் இருக்கும். குறுக்கு மூலைகளில் உள்ள இரண்டு கால்களுக்கும் ஒவ்வொரு வயரைச் சோல்டர் செய்து, மறுமுனைகளைக் காந்தச் சுவிச்சில் இணையுங்கள். சோல்டர் வேலையைப் பெரியவர் ஒருவரே செய்யட்டும். காந்தச் சுவிச்சைப் பெட்டியின் உட்சுவரிலும் காந்தத்தை மூடியிலும் ஒட்டுங்கள். மூடி சாத்தியிருக்கும்போது இரண்டுக்கும் இடையே அரை அங்குலத்துக்கு மேல் இருக்கக்கூடாது.

சுவிச் வாங்கும்போதுதான் மிகவும் கவனம் வேண்டும். சாதாரண காந்தச் சுவிச் காந்தம் அருகில் வந்தால் இணையும். அதைப் பொருத்தினால் மூடி சாத்தியிருக்கும் நேரமெல்லாம் பொத்தானை அழுத்திப் பிடித்தது போலாகும். நமக்கு வேண்டியது காந்தம் விலகும்போது இணையும் வகை. மூன்று முனைகள் உள்ள சுவிச்சானால் இரண்டு வகையும் அதிலேயே உண்டு. ஒட்டுவதற்கு முன் மேசையில் வைத்துப் பாருங்கள்: காந்தம் அருகில் இருந்தால் அமைதி, விலக்கினால் மணி.

இன்னொரு சோதனையும் உண்டு. கடையில் வாங்கியபடியே பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். ஒரு தரம் ஒலித்து நின்றுவிடும் மணியே நல்லது. தடித்த விளம்பரக் கட்டு ஒன்று மூடியைத் திறந்தபடி வைத்துவிட்டால் மற்ற வகை விடாமல் அலை வீசும், பற்றரி தீர்ந்துபோகும். தானாக இயங்கும் இத்தகைய கருவி 5 விநாடிக்குள் அலை வீசுவதை நிறுத்தவேண்டும் என்பது கனடிய விதியும் ஆகும்.

அலை அனுப்பும் பகுதியை உலோகப் பெட்டிக்குள் வைக்கவேண்டாம். இம்மணிகளில் பல 433.92 மெகாஹேட்ஸில் இயங்குவன. 300ஐ 433.92ஆல் வகுத்தால் 0.69 வரும், அதாவது அலையின் நீளம் 69 சென்ரிமீற்றர். இவ்வளவு நீளமான அலை உலோகப் பெட்டியின் ஒடுங்கிய இடுக்குகளால் இலகுவில் வெளியேறாது. ஆகவே பொத்தானைப் பெட்டிக்கு வெளியே, மழை படாத இடத்தில் வைத்து, வயரைப் பெட்டியின் அடித்துவாரம் வழியாகக் கொண்டுபோங்கள். பெட்டி இரும்பானால் அது காந்தத்தின் சக்தியையும் குறைக்கும். இடையில் சிறு மரத்துண்டு வைத்து ஒட்டினால் சரி.

பற்றரியைப் பொறுத்தவரை, சாதாரண அல்கலைன் வகை பூச்சியத்துக்குக் கீழ் 18 பாகையளவில் சோர்ந்துவிடும். நாணயம் போன்ற லிதியம் பற்றரி போடும் பொத்தானையே தெரிவுசெய்யுங்கள். ஆனால் பழைய பற்றரியை மேசையில் விட்டுவிடாதீர்கள். குழந்தை அதை விழுங்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள் உணவுக்குழாய் எரிந்து புண்ணாகலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

காற்றில் மூடி ஆடினாலும் மணி அடிக்கும். அதற்கு ஒரு சிறு பாரம் கட்டினால் போதும்.

2025 செப்டெம்பரில் மத்திய அரசாங்கம், வாசலுக்குத் தபால் போகும் எஞ்சிய சுமார் 40 இலட்சம் முகவரிகளையும் கூட்டுப் பெட்டிக்கு மாற்றத் தபாற் சேவைக்கு அனுமதி அளிப்பதாக அறிவித்தது. உங்கள் தெருவுக்கும் அது வரலாம். நடக்க இயலாத முதியோருக்காகத் தபாற் சேவையிடம் சலுகை கேட்டு விண்ணப்பிக்க முடியும். வாரத்தில் ஒருநாள் வீட்டுக்கே தபால் கொண்டுவந்து கொடுப்பதும் அச்சலுகைகளுள் ஒன்று. பிள்ளைகள் பெற்றோருக்காகக் கேட்டுப் பெற்றுக்கொடுங்கள்.

பெட்டி போனாலும் மணி வீணாகாது. மறதி நோயுள்ள பெரியவர் இரவில் எழுந்து வெளியே போய்விடும் வீடுகளில், அதே சுவிச்சையும் காந்தத்தையும் முன்கதவில் பொருத்தி, மணியை உங்கள் படுக்கையறையில் வைத்துக்கொள்ளலாம்.