விராலுக்கு உயிர் இரை: வாய்க்காலிலேயே பிடிக்கலாம்

முல்லைப் பெரியாற்றுப் பாசனத்தில் கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக நெல் பரப்பு 14,707 ஏக்கர். இதில் பெரும்பகுதி உத்தமபாளையம் வட்டத்தில் உள்ளது. இவ்வயல்களின் வாய்க்கால்களிலும் வடிகால்களிலும் அயிரையும் சிறு கெண்டையும் கிடைக்கின்றன. கண்மாயில் தூண்டில் போடுவோருக்கு இவை காசில்லாத இரை. விரால் துடிக்கும் இரையையே விரும்பிக் கவ்வும்.

பிடிக்கும் முறை

வாய்க்காலில் தண்ணீர் குறையும் நாட்களில் மீன்கள் பள்ளங்களில் ஒதுங்கும். பழைய கொசுவலைத் துணியை இருவர் பிடித்து, அடிப்புறம் மணலை உரசும்படி இழுத்தால் அயிரை சிக்கும். தனி ஆள் என்றால், 2 லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் மேற்பகுதியை அறுத்து, மூடியை நீக்கி, கழுத்து உட்புறம் இருக்குமாறு திருப்பிச் செருகிக் கட்ட வேண்டும். பக்கங்களில் சிறு துளைகள் இட்டு, தவிடும் சோறும் பிசைந்த உருண்டையை உள்ளே போட வேண்டும். நீர் ஓடும் திசையை வாய் பார்க்கும்படி கல் வைத்து அமிழ்த்தினால், வாசனையை நாடி எதிர்நீரில் ஏறி வரும் மீன் உள்ளே நுழையும்.

உயிரோடு வைத்தல்

பிடித்த இடத்து நீரையே வாயகன்ற வாளியில் எடுத்து நிழலில் வைக்க வேண்டும். குளோரின் கலந்த குழாய் நீரும், செம்பு, பித்தளைப் பாத்திரங்களும் ஆகா. நெருக்கமாக வைத்தால் கெண்டை மூச்சுமுட்டிச் சாகும். அயிரை குடல் வழியாகவும் காற்றைச் சுவாசிப்பதால் கூடுதல் நேரம் தாங்கும். செத்ததை உடனே அகற்ற வேண்டும். தூண்டில் முள்ளை முதுகுத் துடுப்பின் அடியில், நடுமுள்ளில் படாமல் மேலாகக் குத்தினால் இரை நெடுநேரம் துடிக்கும்.

கவனிக்க வேண்டியவை

பூச்சிமருந்து தெளித்த வயலின் வடிகாலில் இரை பிடிக்கலாகாது. அங்கே மயங்கி மிதக்கும் மீன் எளிதாகக் கைக்கு வரும். ஆனால் அதை விழுங்கும் விரால் வீட்டுச் சட்டிக்கு வருவதை மறத்தல் கூடாது.

மிஞ்சிய இரையை வேறு கண்மாயில் விடுவதும் தவறு. அதில் ஜிலேபி, ஆப்பிரிக்கக் கெளுத்திக் குஞ்சுகள் கலந்திருக்கலாம். ஜிலேபி 1952-இல் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட மீன். ஒரு கண்மாயில் பெருகிவிட்டால் அதை அடியோடு அகற்றுவது கடினம். எனவே மிஞ்சியதைப் பிடித்த இடத்திலேயே விடலாம்; குழம்புக்கும் ஆகும்.

மழைக்காலத்தில் செந்நிறப் பார்ப்புகளுடன் திரியும் விராலைப் பிடிக்காமல் விட வேண்டும். தாய் தந்தையின் காவல் போனால் பார்ப்புகள் பிற மீன்களுக்கு இரையாகும். குத்தகைக் கண்மாயில் தூண்டில் போடுமுன் குத்தகைதாரரிடம் அனுமதி பெறுதல் அவசியம்.