கோலா சாவா மேட்டு மண்ணுக்கு எது காவல்: நுண்ணுயிர்ச் சுண்ணமா, வேரா?

மறுநடவு ஆண்டுதான் தோட்டத்து மண்ணுக்கு ஆபத்தான ஆண்டு. இருபத்தைந்து வயதுச் செம்பனையைச் சாய்த்ததும் கோலா சாவா, ரந்தாவ் பக்கத்து மேடுகள் வெயிலுக்கும் மழைக்கும் திறந்து கிடக்கின்றன. சாயங்காலம் கொட்டும் ஒரு பெருமழை போதும், மேல்மண் ஓடையில் இறங்கி லிங்கி ஆற்றைச் சிவப்பாக்கிவிடும். இதைத் தடுக்க வெட்டிவேர், மூடுபயிர், மட்டை அடுக்கு என்று பழகிய வழிகள் உண்டு. இப்போது நுண்ணுயிரைக் கொண்டு மண்ணுக்குள்ளேயே சுண்ணம் வளர்க்கும் முறையும் பேசப்படுகிறது. எந்த இடத்துக்கு எது பொருந்தும் என்று பார்த்துவிட்டே பணத்தை இறக்க வேண்டும்.

புது முறையின் அடிப்படை எளிது. ஸ்போரோசார்சினா பாஸ்டியூரி போன்ற மண் நுண்ணுயிர்கள் யூரியேஸ் என்ற நொதியால் யூரியாவைப் பிளக்கின்றன. அதில் பிறக்கும் கார்பனேட்டோடு கால்சியம் குளோரைடு கரைசல் சேர்ந்தால் கால்சைட் படிகம் விளைகிறது. மணல் பருக்கைகள் தொட்டுக்கொள்ளும் இடங்களில் அது படிந்து அவற்றை ஒட்ட வைக்கிறது. நெதர்லாந்தில் டெல்ஃப்ட் ஆய்வாளர்கள் 100 கன மீட்டர் மணலில் இதைச் சோதித்து, அதில் ஒரு பகுதியை இறுக்கிக் காட்டினார்கள். நம் மலேசியாவிலும் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகத்தினர் பேசில்லஸ் மெகாடெரியம் என்ற நுண்ணுயிரைக் கொண்டு வெப்பமண்டல மண்ணின் வலு கூடுவதை ஆய்வுக்கூடத்தில் நிறுவியிருக்கிறார்கள்.

நுண்ணுயிரே இல்லாமல், வாளவரை இன விதையிலிருந்து எடுத்த யூரியேஸை நேராக ஊற்றும் வழியும் உண்டு. 1926-இல் ஜேம்ஸ் சம்னர் படிகமாக்கிக் காட்டிய நொதி இதுதான், 1946-இல் நோபல் பரிசும் வாங்கித் தந்தது. நுண்ணுயிர் நுழைய முடியாத நுண்துளைக்குள்ளும் நொதி நுழையும் என்பதால் களி கலந்த மண்ணுக்கு இதுவே மேல்.

இதில் என்னைத் தயங்க வைப்பது கணக்குதான். 1 கிலோ கால்சைட் விளைய ஏறத்தாழ 600 கிராம் யூரியாவும் 1.1 கிலோ கால்சியம் குளோரைடும் வேண்டும். கூடவே 1 கிலோவுக்கு மேல் அம்மோனியம் குளோரைடு மிஞ்சும். மேல் 5 சென்டிமீட்டர் மண்ணில் 3 விழுக்காடு கால்சைட் சேர்ப்பதாக வையுங்கள். ஒரு ஹெக்டேருக்கு 20 டன் கால்சைட், அதற்கு 12 டன் யூரியா. மரத்துக்கு 2, 3 கிலோ என்று வைத்தாலும் அதே ஹெக்டேர் செம்பனைக்கு ஆண்டுக்கு அரை டன் யூரியா ஆகாது. மிஞ்சும் அம்மோனியம் மழையோடு ஓடைக்குப் போகும். போகாமல் மண்ணிலேயே தங்கினாலும் தொல்லைதான். அது நைட்ரேட்டாக மாறும்போது பிறக்கும் அமிலம், நாம் விளைவித்த சுண்ணத்தைப் போல இரு மடங்கைக் கரைக்கப் போதும். நம் மேட்டு மண் ஏற்கெனவே புளித்த மண், கால்சைட் அங்கே நீண்ட நாள் நிற்காது.

ஆகவே முழு மேட்டுக்கும் இது வேண்டாம் என்பதே என் முடிவு. நடவு முடிந்த கையோடு மூடுபயிர் விதையுங்கள். புவேராரியா, கலப்போகோனியம் பழகியவை. முக்குனா பிராக்டியேட்டா இன்னும் அடர்த்தியாகப் படரும், ஆனால் இளங்கன்றின் மேல் ஏறிவிடும், வட்டக் களையெடுப்பு தவறக்கூடாது. ரப்பரின் தொடக்க காலத்தில் ஒரு புல்கூட இல்லாமல் கொத்தி வைப்பதே ஒழுங்காக இருந்தது. கொத்தியவர்கள் நம் தாத்தா பாட்டிமார். அந்த உழைப்பு மேல்மண்ணையும் சேர்த்து அனுப்பிவிட்டது என்பதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

நீர் வேகமெடுக்கும் சரிவில் மூடுபயிர் மட்டும் போதாது. அங்கே வெட்டிவேரைச் சமமட்டக் கோட்டில் 10–15 சென்டிமீட்டர் இடைவெளியில் நெருக்கி நடுங்கள். ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் பி.கே. யூன் 1991-லேயே மலேசிய மண்ணில் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். வேர் 3 மீட்டர் வரை இறங்கக்கூடியது, அதன் இழுவைத் திறன் சராசரி 75 மெகாபாஸ்கல், அதாவது சாதாரண இரும்புக் கம்பியில் ஆறில் ஒரு பங்கு. நிழல் மட்டும் அதற்கு ஆகாது. மரம் மூடியபின் அது நலிந்துவிடும், மூடுபயிரும் அப்படியே. அதற்குப் பிறகு வெட்டிய மட்டைகளைச் சரிவுக்குக் குறுக்கே அடுக்குவதும் பழம் உதிர்த்த வெற்றுக்குலை பரப்புவதும்தான் காவல்.

நுண்ணுயிர்ச் சுண்ணத்துக்கு இடமே இல்லையா? உண்டு, சின்னச் சின்ன இடங்களில். செடி பிடிக்காத பழைய ஈயச் சுரங்க மணல், தோட்டச் சாலைக்கு அடியில் போகும் நீர்க்குழாயின் வாய், வெட்டிவேர் வேரூன்றும் வரை தாங்க வேண்டிய மணற்கரை. முதலில் ஈர மண்ணை உள்ளங்கையில் உருட்டிப் பாருங்கள். நூல் போல நீண்டால் அது களி, நுண்ணுயிர் அதற்குள் போகாது. உதிர்ந்தால் சில சதுர மீட்டரில் சோதித்துப் பார்க்கலாம். மிஞ்சும் உப்புநீரைக் குழியில் பிடித்து, நீர் ஊற்றிக் குறைத்துச் செம்பனைக்கு அளவாக விடுங்கள். ஓடைக்கு இருபது முப்பது அடிக்குள் என்றால் அந்தச் சோதனையையே விட்டுவிட்டு வெட்டிவேர் நடுங்கள்.