ஊசி போட்டாயிற்று, எண் எவ்வளவு?

ஜொகூர் பாருவோ குளுவாங்கோ, டயாலிசிஸ் நிலையத்தில் வாரம் மூன்று நாள், முறைக்கு நாலு மணி நேரம் சாய்ந்திருப்பவர்களில் நம்மவர்களும் கணிசம். பலருக்குச் சிறுநீரகத்தைக் கெடுத்தது இனிப்புநீர்தான். சிறுநீரகம் போனால் உடலின் எதிர்ப்புச் சக்தியும் தளரும். ரத்தத்தில் பரவும் ஹெபடைட்டிஸ் பி கிருமிக்கு அது வசதி.

மலேசியாவில் 1989 முதல் குழந்தைகளுக்கு இதற்கான தடுப்பூசி போடப்படுகிறது. இன்று அறுபது வயதானவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடைத்திருக்காது. ஆகவே முதல் வேலை, ஊசிக்கு முன்பே ரத்தப் பரிசோதனை: கிருமி இருக்கிறதா, முன்பு வந்து போயிருக்கிறதா, எதிர்ப்பொருள் ஏற்கெனவே உண்டா?

எதுவும் இல்லையென்றால் ஊசி. சாதாரணமாகப் பெரியவர்களுக்கு 20 மைக்ரோகிராம், மூன்று தவணை. டயாலிசிஸ் செய்பவர்களுக்குப் பரவலாகத் தரப்படுவது 40 மைக்ரோகிராம், நான்கு தவணை: தொடக்கத்தில், பிறகு 1, 2, 6ஆம் மாதங்களில். டயாலிசிஸ் ஊசி ஏற்ற ரத்தக்குழாயை இணைத்துவைத்த, அதாவது ஃபிஸ்டுலா உள்ள, கையை விட்டுவிட்டு மறுகையின் தோள் தசையில் போடச் சொல்ல வேண்டும்.

இனிதான் பலர் கோட்டைவிடும் இடம். நாலாவது ஊசியோடு எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். கடைசி ஊசி போட்டு ஒன்று முதல் இரண்டு மாதத்துக்குள் 'ஆன்டி-எச்பிஎஸ்' எனும் எதிர்ப்பொருளின் அளவைப் பார்த்தாக வேண்டும். இதற்கென்று தனியாகக் குத்த வேண்டியதில்லை. இயந்திரத்தோடு இணைக்குமுன் மிஸ்ஸி வழக்கமாக எடுக்கும் ரத்தத்திலேயே ஒரு குழாய் கூடுதலாக எடுத்தால் போதும். ஆனால் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் 'எச்பிஎஸ்ஏஜி' சோதனையை ஊசி போட்ட சூட்டோடு செய்யக் கூடாது. ஊசி மருந்தே மூன்று வாரம் வரை 'கிருமி உண்டு' என்று பொய்யாகக் காட்டி வீட்டையே கலங்கடிக்கும்.

முடிவுத்தாளில் ஆன்டி-எச்பிஎஸ் எண் 10 அல்லது அதற்கு மேல் இருந்தால் பாதுகாப்பு உண்டு. லிட்டருக்கு அலகு, மில்லிலிட்டருக்கு மில்லி அலகு என்று எப்படி அச்சிட்டிருந்தாலும் எண் ஒன்றேதான். 10க்குக் கீழே என்றால் மனம் தளர வேண்டாம். முழுச் சுற்றையும் இன்னொரு முறை போட்டு மறுபடி அளப்பார்கள். அப்போதும் ஏறாதவர்களுக்கு ஊசியை நம்ப முடியாது, கிருமிச் சோதனையை அடிக்கடி செய்ய வேண்டும்.

ஏறிய எண்ணும் இறங்கும். ஆண்டுக்கொரு முறை அளந்து, 10க்குக் கீழே போனால் ஒரு கூடுதல் ஊசி. தேதியையும் எண்ணையும் கைப்பையிலுள்ள நோட்டில் எழுதி வைப்பது நல்லது. தீபாவளிக்கு ஈப்போ போகிறவர் அங்குள்ள நிலையத்தில் நாற்காலி கேட்கும்போது, ஹெபடைட்டிஸ் சோதனை முடிவைத்தான் முதலில் கேட்பார்கள்.