புதுப் பங்கு வெளியீடும் எளிய முதலீட்டாளரும்

'பங்கு' என்னும் சொல் நம் மக்களுக்குப் புதியதன்று. பழவேற்காட்டு ஏரியில் கிடைத்த இறாலை வலைக்குரியவரும் உடன் உழைத்தவரும் பிரித்துக்கொள்வது பங்குதான். ஊர்ப் பொதுச் செலவில் ஒவ்வொரு வீட்டாரும் ஏற்பதும் பங்குதான். ஆயினும் 'கம்பெனிப் பங்கு' என்றவுடன் பெரியவர்கள் முகம் சுளிப்பதையும், இளைஞர்கள் கண் விரிப்பதையும் ஒருசேரக் காண்கிறோம். சுளிப்பவருக்கும் விரிப்பவருக்கும் அதன் நடைமுறை தெளிவாகத் தெரிவதில்லை என்பதே இக்கட்டுரைக்குக் காரணம். பெரியபாளையத்திலிருந்து நாள்தோறும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும் திருவள்ளூர்ப் பக்கத்து ஆலைகளுக்கும் வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைகளின் கைப்பேசியில், "புதிய வெளியீடு, உறுதியான லாபம்" என்ற செய்தி மாதந்தோறும் வந்து விழுகிறது. அதன் உண்மையை ஆராய்ந்து காண்பது நம் கடமையாகிறது.

நெடுநாள் தனியாரிடம் இருந்த ஒரு நிறுவனம், தன் பங்குகளைப் பொதுமக்களுக்கு முதன்முறையாக விற்றுப் பங்குச் சந்தையில் பட்டியலிடுவதே புதுப் பங்கு வெளியீடு. இதில் ஒரு நுட்பம் உண்டு. நிறுவனம் புதிய பங்குகளை உருவாக்கி விற்றால் வரும் பணம் நிறுவனத்திற்குச் செல்லும். கடனடைக்கவோ ஆலை எழுப்பவோ பயன்படும். பழைய உரிமையாளர் தம் கையிலுள்ள பங்குகளை விற்றால் பணம் அவருக்கே செல்லும்; நிறுவனத்திற்கு ஒரு காசும் வாராது. விண்ணப்பிப்போர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுவே.

நம் அண்டைப் பகுதியிலேயே இதற்கு ஒரு பெரிய சான்று கிடைக்கிறது. திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார் உற்பத்தி செய்துவரும் ஹூண்டாய் மோட்டார் இந்தியா நிறுவனம், 2024 அக்டோபர் 15 முதல் 17 வரை தன் வெளியீட்டை நடத்தியது. ஏறத்தாழ 27,870 கோடி ரூபாய். அதுவரை இந்தியா கண்ட வெளியீடுகளில் மிகப் பெரியது. 14.2 கோடிப் பங்குகளும் கொரியத் தாய் நிறுவனம் விற்றவை. ஆகவே திரண்ட தொகை முழுவதும் சியோலுக்குச் சென்றதேயன்றி, இருங்காட்டுக்கோட்டை ஆலைக்கு வரவில்லை. இது மறைக்கப்பட்ட செய்தியன்று, விவரக்குறிப்பிலேயே அச்சிடப்பட்டிருந்தது. விற்பனையில் 3.5 விழுக்காடு வரை தாய் நிறுவனத்திற்கு உரிமத்தொகை செல்லும் என்பதும் அதே ஆவணத்தில் இருந்தது. படித்தவர் எத்தனை பேர் என்பது வேறு.

இனி விண்ணப்பிக்கும் முறையைக் காண்போம். முதலில் மூன்று பொருள்கள் வேண்டும்: பான் அட்டை, தம் பெயரிலேயே உள்ள வங்கிக் கணக்கு, டீமேட் கணக்கு. டீமேட் என்பது பங்குகளைக் காகிதமாக வைக்காமல் கணினிப் பதிவாக வைக்கும் பெட்டகம்; 1996இன் டெபாசிட்டரிகள் சட்டத்தால் வந்தது. தரகு நிறுவனத்திலோ வங்கியிலோ இதனைத் திறக்கலாம். ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டறிந்த பின்னரே கையொப்பமிடுதல் நலம்.

வெளியீட்டின் விலை ஒரே எண்ணாக அறிவிக்கப்படாமல், கீழ்விலை மேல்விலை என ஓர் எல்லைக்குள் அறிவிக்கப்படுவதே பெரும்பான்மை. ஹூண்டாய்க்கு அது 1,865 ரூபாய் முதல் 1,960 ரூபாய் வரை. ஏழு பங்குகள் கொண்டது ஒரு 'லாட்'. மேல்விலையில் ஒரு லாட்டுக்கு 13,720 ரூபாய். மொத்தம் 2 லட்சம் ரூபாய்க்கு மேற்படாமல் விண்ணப்பிப்பவர் 'சில்லறை முதலீட்டாளர்' எனப்படுவர். எனவே அதிகம் 14 லாட் கேட்கலாம். எந்த விலை முடிவானாலும் ஏற்கிறேன் என்பவர் 'கட்-ஆப்' என்னும் கட்டத்தைக் குறிக்க வேண்டும். சில்லறை முதலீட்டாளருக்கு உரிய வசதி இது. குறைந்த விலையைக் குறித்துவிட்டு, மேல்விலையே முடிவானபோது விண்ணப்பம் தள்ளுபடியானதற்காக வருந்துவோர் பலர்.

பணம் செலுத்தும் முறைதான் முற்றிலும் மாறிவிட்டது. தொண்ணூறுகளில் விண்ணப்பப் படிவத்தோடு காசோலையை இணைத்து அனுப்பிவிட்டு, பங்கு கிடைக்காவிடில் திரும்ப வரும் பணத்திற்காகத் தபால்காரரை எதிர்நோக்கி வாரக்கணக்கில் காத்திருந்தோம். இன்று 'அஸ்பா' முறைப்படி பணம் நம் கணக்கை விட்டு வெளியேறுவதில்லை, அங்கேயே நிறுத்திவைக்கப்படுகிறது. ஒதுக்கீடு கிடைத்தால் உரிய தொகை மட்டும் எடுக்கப்படும். கிடைக்காவிடில் தடை நீங்கும். 2016 சனவரி முதல் அனைவர்க்கும் இதுவே கட்டாயம். 2019இல் யுபிஐ வழியும் சேர்ந்தது. கைப்பேசிக்கு வரும் ஒப்புதல் கோரிக்கையை வெளியீடு முடியும் நாளன்று மாலை 5 மணிக்குள் ஏற்க வேண்டும். இதை மறந்து, "விண்ணப்பித்தேனே!" என்று முறையிடுவதில் பயனில்லை. யுபிஐ வேண்டாம் எனில் வங்கிக் கிளையிலோ வங்கியின் இணையச் சேவையிலோ விண்ணப்பிக்கலாம்.

ஒரு பான் அட்டைக்கு ஒரு விண்ணப்பமே. இரண்டு போட்டால் இரண்டும் தள்ளுபடியாகும். குடும்பத்தில் ஒவ்வொருவரும் தத்தம் பெயரில், தத்தம் கணக்கிலிருந்து விண்ணப்பிக்கலாம். மகன் கணக்கிலிருந்து தந்தைக்கு என்பது செல்லாது.

கேட்டவர் அனைவருக்கும் கொடுக்கப் பங்கு போதாதபோது என்ன நடக்கும்? பழவேற்காட்டு மீனவரின் 'பாடு' முறையை நம் மாணவர் அறிவர். மீன்பிடிக்கும் இடம் சில, உரிமையுடையோர் பலர் என்பதால் சீட்டுக் குலுக்கி முறை வகுப்பர். இங்கும் அவ்வாறே. சில்லறைப் பிரிவில் 10,000 லாட் இருந்து 40,000 பேர் கேட்டால், கணினிக் குலுக்கலில் நால்வரில் ஒருவருக்கு ஒரு லாட் கிடைக்கும். அந்நிலையில் 14 லாட் கேட்டவருக்கும் ஒரு லாட் கேட்டவருக்கும் வாய்ப்பு ஒன்றே. அதிகம் கேட்டால் அதிகம் கிடைக்கும் என்று கடன் வாங்கி விண்ணப்பிப்போர் இதனை அறியாதவர். "ஒதுக்கீட்டை நான் உறுதி செய்கிறேன்" என்று பணம் கேட்பவர் யாராயினும் மோசடிக்காரரே; குலுக்கலில் கைவைக்க அவருக்கு வழியில்லை.

ஹூண்டாய் வெளியீட்டில் இதற்கு நேர்மாறு நிகழ்ந்தது. பெருநிறுவனப் பிரிவு ஏறத்தாழ ஏழு மடங்கு கேட்டது. சில்லறைப் பிரிவிலோ பாதிப் பங்குகளுக்கே விண்ணப்பம் வந்தது. ஆகவே முறையாகக் கேட்ட எளியோர் அனைவருக்கும் கேட்டது முழுவதும் கிடைத்தது. மூன்று வேலை நாள் கழித்து, அக்டோபர் 22 அன்று பட்டியலானபோது 1,934 ரூபாயில் தொடங்கி 1,820 அளவில் முடிந்தது. ஒரு லாட் வாங்கியவருக்கு முதல் நாளிலேயே சுமார் 980 ரூபாய் குறைவு. 2025 ஏப்ரலில் 1,600க்கும் கீழே சென்றது. அவ்வாண்டு செப்டம்பரில் 2,500ஐத் தாண்டியது. முதல் நாள் அஞ்சி விற்றவரும், காத்திருந்தவரும் வாங்கியது ஒரே பங்கைத்தான்.

கூட்டம் மொய்த்தால் நல்ல பங்கு என்று கொள்ளவும் இயலாது. 2008இல் ரிலையன்ஸ் பவர் வெளியீட்டுக்கு எழுபது மடங்குக்கும் மேல் விண்ணப்பம் குவிந்தது. 450 ரூபாய்ப் பங்கு (சில்லறையாருக்கு 430) பட்டியலான நாளிலேயே 372 அளவுக்கு இறங்கிற்று. மறுபுறம் 1993இல் இன்போசிஸ் வெளியீட்டைக் கேட்பாரில்லை. 95 ரூபாய்ப் பங்கு விற்றுத் தீராமல், எஞ்சியதை ஒரு வெளிநாட்டு நிதி நிறுவனம் எடுத்துக்கொள்ள நேர்ந்தது. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, 'சாம்பல் சந்தை விலை' என்று வாட்சப்பில் உலவும் எண்ணை நம்பி முடிவெடுப்பது எத்துணைப் பேதைமை என்பது விளங்கும். அவ்வெண்ணுக்குச் சட்டத்தின் காவலும் இல்லை, பொறுப்பேற்பவரும் இல்லை.

சிறு தொழில் நிறுவனங்களுக்கெனத் தனிப் பட்டியல் மேடை உண்டு. அதில் நுழைய இப்போது குறைந்தது 2 லட்சத்திற்கு மேல் வேண்டும். வாங்குவோர் குறைவாதலால் விற்கவும் அரிது. மாதச் சம்பளக்காரருக்கு அது பொருந்தாது என்பது நம் கருத்து.

விவரக்குறிப்பு நானூறு பக்கமாயினும் அஞ்ச வேண்டியதில்லை. இடர்க் காரணிகள், வெளியீட்டின் நோக்கம், மூன்றாண்டு லாப நட்டக் கணக்கு, நடைபெறும் வழக்குகள் ஆகிய பகுதிகளைப் படித்தால் பெரும்பகுதி விளங்கும். செபியின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. வணிகவியல் மாணவர் இருவர் ஒரு மாலை அமர்ந்தால் வீட்டுப் பெரியவருக்கு அதனைத் தமிழில் எடுத்துரைத்துவிடலாம்.

ஒதுக்கீட்டு விவரத்தைப் பதிவாளர் நிறுவனத்தின் தளத்தில் பான் எண்ணை இட்டுப் பார்க்கலாம். பங்கு கிடைக்காமலும் பணத்தின் தடை நீங்காமலும் இருந்தால் முதலில் வங்கியையும், பின்னர் செபியின் 'ஸ்கோர்ஸ்' முறையீட்டுத் தளத்தையும் நாடலாம். இன்னொன்று. தொண்ணூறுகளில் வாங்கிய காகிதப் பங்குப் பத்திரங்கள் பலர் வீட்டுப் பெட்டிகளில் இன்னும் உறங்குகின்றன. அவற்றுள் சில, முகவரியே இல்லாமல் மறைந்துபோன நிறுவனங்களுடையவை; வேறு சில இன்றும் உயிருடன் இயங்கும் நிறுவனங்களுடையவை. 2019 ஏப்ரலுக்குப் பின் காகிதப் பத்திரத்தை அப்படியே விற்று மாற்ற இயலாது. டீமேட்டாக மாற்றிய பின்னரே விற்க முடியும். பெயரும் கையொப்பமும் ஒத்திருக்கின்றனவா என்று, பத்திரத்திற்கு உரியவர் நலமாயிருக்கும்போதே பார்த்துவிடுவது வாரிசுகளின் அலைச்சலைக் குறைக்கும்.